விடுதி மணி கேட்கும் வீடு

தூரத்து மாணவிகளுக்கு இடமளித்த பின்னர் எஞ்சும் இடங்கள் பரீட்சைப் புள்ளிகளின் ஒழுங்கில் நிரப்பப்படல் வேண்டும். மேன்முறையீடு ஏதுமிருப்பின், அது கிடைத்து இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதிலளிக்கப்படல் வேண்டும். விடுதி அனுமதி பற்றி எங்கள் அலுவலகத்தில் இருந்த அறிவுறுத்தலின் ஒன்பதாம் பந்தி இது. சிங்களத்தில் வந்ததைத் தமிழாக்கியவள் நான். அப்போது கல்வி அலுவலகத்தில் பிரதம லிகிதராக, எழுத்தர்களுக்குத் தலைவியாக, இருந்தேன். ‘நிரப்பப்படலாம்’ என்று எழுதினால் போதும் என்றார் மேலதிகாரி. அரைநாள் வாதாடி ‘நிரப்பப்படல் வேண்டும்’ என்று போட வைத்தேன். ‘படலாம்’ என்று எழுதினால் எதுவும் நடக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும். ‘வேண்டும்’ என்று எழுதினாலும் நடக்காது என்பதை ஓய்வுபெற்ற பிறகு தெரிந்துகொண்டேன்.

என் மகனின் மகளும் என் தங்கச்சியின் பேத்தியும் ஒரே வருஷத்தில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். என் பேத்திக்கு எட்டுப் புள்ளி அதிகம். ஹட்டனில் மேட்டில் இருக்கும் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு இருவருக்கும் இடம் கிடைத்தது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும். விடுதிப் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டபோது அதில் தங்கச்சி பேத்தியின் பெயர் இருந்தது. என் பேத்தியின் பெயர் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களின் பட்டியலில் இருந்தது.

தங்கச்சிதான் முதலில் போன் செய்து சொன்னாள். நான் அரசாங்க வேலைக்குப் போன நாளிலிருந்து அவள் என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால், அல்லது மனசு கலங்கினால், பழையபடி ‘நீ’.

“அக்கா, போர்டுல பாத்துட்டு வந்தோம். எங்க புள்ளைக்கு போர்டிங் கெடச்சிருச்சு. ஒங்க புள்ள பேரு டே ஸ்கொலர்ல இருக்கு. மாத்தி ஒட்டியிருப்பாங்களோ?”

மாற்றி ஒட்டியிருக்க மாட்டார்கள் என்றேன்.

“அதானே. நீங்க எழுதுன சட்டமாச்சே” என்றாள்.

குத்திச் சொன்னாளா, கள்ளமில்லாமல் சொன்னாளா என்று தெரியவில்லை. அறுபது வருஷமாக அவள் பேச்சில் இந்த வித்தியாசத்தை என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

என் வீடு ஹட்டனில்தான் இருக்கிறது. அந்தப் பாடசாலைக்கு ஏழு நிமிஷ நடை. சமையலறை ஜன்னலில் நின்றால் விடுதியின் சிவப்புத் தகரக் கூரை தெரியும்; விடுதி மணி அடித்தால் எங்கள் அலுமாரிக் கண்ணாடி இலேசாக அதிரும். இவ்வளவு பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்காக விடுதி என்று மகன் கேட்டான். ஒழுக்கம் வரும் என்றேன். மருமகள் கேட்டாள். இங்கிலீஷ் வரும் என்றேன். அதிபர் கேட்டார். அவருக்கு ஒன்பதாம் பந்தியைச் சொன்னேன். பக்கத்தில் வீடு உள்ளவளுக்கு விடுதி எதற்கு என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வி ஒன்பதாம் பந்தியில் இல்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பேத்தியின் காரணம் நேரானது. அவளும் தங்கச்சி பேத்தியும் ஒவ்வொரு லீவிலும் தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில் என்று மூன்றாம் வகுப்பிலேயே பேசி வைத்திருந்தார்கள். பட்டியலைப் பார்த்த அன்று அவள் அழவில்லை. “அப்ப எனக்குப் பக்கத்துல படுக்கிறது யாரு?” என்று மட்டும் கேட்டாள்.

என் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து. எனக்குப் பதினொரு வயதும் தங்கச்சிக்கு எட்டு வயதுமாக இருந்தபோது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து அம்மா எங்கள் லயத்துக்கு வந்தார். தோட்டத்துக்கு ஒரு பெண்பிள்ளையைச் சல்லிக் காசு வாங்காமல் போர்டிங்கில் வைத்துப் படிப்பிப்பதாகச் சொன்னார். ஒன்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. என் வாய்ப்பாட்டையும் வாசிப்பையும் கேட்டு மெச்சிவிட்டு, தங்கச்சியை எடுத்துக்கொண்டார்.

வெள்ளைப் படுக்கை விரிப்பு, துவாய், கவுன், எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் பதினேழு என்று இலக்கம் தைத்து அனுப்ப வேண்டும். கொழுந்து கிள்ளி வெடித்த விரலில் அம்மாவுக்கு ஊசி நிற்காது. நான்தான் தைத்தேன். ஒன்றுக்குப் பிறகு ஏழு, ஒன்றுக்குப் பிறகு ஏழு. குத்திய ஒவ்வொரு குத்தும் துணிக்கு மட்டும் விழவில்லை.

ஒரு தவணை இருந்துவிட்டு லீவுக்கு வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. எழும்ப ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, படிக்க ஒரு மணி என்றாள். ஞாயிற்றுக்கிழமை பாணுக்கு பட்டர் பூசித் தருவார்களாம். ஆளுக்கொரு கட்டிலாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கெஞ்சினார். அப்பா கையை ஓங்கினார். “கட்டில்ல தனியா படுத்தா கீழ விழுந்துகிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. நான் போகல” என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் நாங்கள் நான்கு பேரும் ஒரே வரிசையில் படுப்போம். அந்த வரிசையை விட்டு அவளால் இருக்க முடியவில்லை.

நான் அவளுடைய கவுனை மாட்டிக்கொண்டு நின்றேன். அது என் முழங்காலுக்கு மேலே நின்றது. அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா போய்க் கேட்டார். இடம் பிள்ளைக்குக் கொடுத்தது, குடும்பத்துக்குக் கொடுத்ததல்ல என்று அந்த அம்மா பரிவாகச் சொல்லி அனுப்பினார். என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் விதி அது. பின்னாளில் எத்தனையோ விதிகளில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன். அதில் மட்டும் இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.

பதினேழாம் இலக்க விரிப்பில் நான் படுத்தேன். அது கிழிந்து கால்துணியாகும் வரைக்கும் படுத்தேன். ரயில் பாதையோரமாக ஹட்டனுக்கு நடந்துபோய்ப் படித்து, லிகிதர் சோதனை பாஸ்பண்ணி, அலுவலகக் கதிரையில் உட்கார்ந்தேன். தங்கச்சி பதினெட்டு வயதில் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தாள். கொழுந்தெடுத்து, கடைசியில் கங்காணியாகி, பென்ஷன் இல்லாமல் நின்றாள். ஊர்க் கணக்கில் உயர்ந்தவள் நான். ஆனால் எந்தக் கலியாண வீட்டிலும் சாப்பாட்டுப் பந்தியில் அவள் “நான் போர்டிங்ல படிக்கிறப்போ” என்று ஆரம்பிப்பாள். இருந்தது ஒரு தவணை. கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும். முப்பத்து நான்கு வருஷ சேவைக்காரி நான் பக்கத்தில் இருந்து ரசத்தைக் குடிப்பேன்.

இப்போது அவள் பேத்தியும் போர்டிங்.

விடுதிக்குத் தூரம்தான் முதல் தகுதி. என் பேத்திக்குத் தூரத்தைக் காட்ட வழியில்லாமல் செய்தவளும் நானே. அவள் அப்பா அம்மாவின் வீடு வட்டவளையில். இருவரும் விடியற்காலை பஸ்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பிள்ளை கிழமை நாட்களில் என்னோடு இருந்தாள். முதலாம் வகுப்புக்கு விண்ணப்பித்தபோது டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும் என்றார்கள். கரண்ட் பில், காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, கிராம சேவகர் சான்றிதழ் எல்லாம் வைத்து, பிள்ளை என் வீட்டில்தான் வசிக்கிறாள் என்று நிரூபித்தேன். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அந்த வருஷத்து விண்ணப்பங்களை நம்பினால் அடுத்த ஊரான தலவாக்கலையில் ஒரு குழந்தைகூட வசிக்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் ஹட்டனில் பள்ளிக்கூட மதிலோரம் வசித்தன. ஐந்து வருஷம் கழித்து விடுதி என்றதும் அதே குழந்தைகள் தலவாக்கலைக்கும் அதற்கு அப்பாலும் குடிபெயர்ந்தன. நான் மட்டும் பெயர முடியாது. அந்தப் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்த கோவை கல்வி அலுவலகத்தில் இருக்கிறது. அந்தக் கோவையை எப்படிப் பேண வேண்டும் என்று அந்த அலுவலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

ஆகவே ஒன்பதாம் பந்தியை வைத்து கல்வி அலுவலகத்துக்கு மேன்முறையீடு எழுதினேன். நான்கு பக்கம். தட்டச்சு செய்து கையெழுத்து வைத்து உறையில் போட்ட அன்று, காலை பஸ்ஸில் தங்கச்சி வந்து இறங்கினாள். கையில் ஒரு பையில் லீக்ஸ், இன்னொரு கையில் பாடசாலையிலிருந்து வந்த கடிதம்.

கடிதம் இதுதான் சொன்னது: விண்ணப்பத்தில் உள்ள விலாசத்துக்குப் பஸ் வசதி இருக்கிறது, எனவே விடுதியின் அவசியத்தை ஏழு நாளில் எழுத்தில் உறுதிப்படுத்தவும், தவறினால் இடம் வேறொருவருக்கு வழங்கப்படும்.

லயத்துக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தில் எல்லோருக்கும் கடிதம் வருவது மெயின் ரோட்டிலுள்ள தோட்டக் காரியாலயத்துக்கு. ஆகவே எல்லோரும் எழுதுவதும் அந்த விலாசத்தைத்தான். காரியாலய வாசலில் பஸ் நிற்கும். அங்கிருந்து தங்கச்சி இருக்கும் மேல் டிவிசனுக்கு ஒரு மணி நேர ஏற்றம். அந்த ஏற்றம் விலாசத்தில் வராது.

“இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுங்க அக்கா. ஒங்களுக்கு அஞ்சு நிமிச வேல” என்று கடிதத்தை மேசையில், என் மேன்முறையீட்டு உறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு தடவை வாசித்தேன். ஏழு நாளில் ஐந்து நாள் போய்விட்டது. நான் தவறாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. முதலில் கிராம சேவகரிடம் போய் வதிவிடச் சான்றிதழ் எடுத்து வா என்று சரியான நடைமுறையைச் சொன்னாலே போதும். அவர் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தன் காரியாலயத்தில் இருப்பார். அதற்குள் ஏழு நாள் கெடு முடிந்துவிடும். ஒரு இடம் எஞ்சும். எஞ்சும் இடம் புள்ளி ஒழுங்கில் நிரப்பப்படும்.

தன் பேத்தியை என் வீட்டில் விடலாமா என்று தங்கச்சி ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம் என்று தோன்றியது. அப்படிச் சொன்னால் என் பேத்தி விடுதியிலும் அவள் பேத்தி என் வீட்டிலும் இருப்பார்கள். இந்த ஏற்பாட்டின் அழகைத் தேத்தண்ணி ஊற்றி முடியும் வரைக்கும் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தகரக் கூரையைப் பார்த்தாள்.

“எனக்குத்தான் தனியா படுக்கத் தெரியல. இவளாவது படுத்துப் பழகட்டும்” என்றாள்.

பேனாவை எடுத்தேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அரைகுறையாக ஒரு கடிதம் அந்தப் பாடசாலைக்குப் போவதையும், அதை வாசிக்கிறவர்கள் இது அவள் அக்கா எழுதினது என்று சொல்வதையும் என்னால் தாங்க முடியாது. என் பொறாமை பெரியதுதான். என் கடிதங்களின் பேர் அதைவிடப் பெரியது. ஏற்றத்தின் நீளம், பஸ் கடைசியாக வரும் நேரம், மழைக்கு உடைந்துபோகும் ஒற்றையடிப் பாதை, எல்லாம் எழுதினேன். கிராம சேவகர் இல்லாதபோது தோட்ட நலன்புரி உத்தியோகத்தரின் கையொப்பம் போதும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது வெளியாட்களுக்குத் தெரியாது. அதையும் எழுதினேன்.

“சிறுத்த வருதுன்னு போடலாமா அக்கா?”

“நீ பாத்திருக்கியா?”

“நான் பாக்கல. மேட்டு லயத்து நாயி பாத்துச்சு. அதுக்கப்புறம் நாயத்தான் யாரும் பாக்கல.”

சிறுத்தையை மூன்றாம் பந்தியில் சேர்த்தேன்.

கையெழுத்து வைக்கச் சொன்னேன். தங்கச்சி குனிந்து, இங்கிலீஷ் எழுத்துக்களைச் சேர்த்து, கொடி படர்கிற மாதிரி எழுதினாள். ஒரு தவணையில் படித்தது. என் கையெழுத்து முப்பத்து நான்கு வருஷமும் கோழி கிளறினது மாதிரியே இருந்தது. அதையும் அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

போகிற போக்கில் இன்னொரு படிவத்தையும் நீட்டினாள். விடுதிப் பிள்ளைக்கு நகரத்துக்குள் வசிக்கும் பாதுகாவலர் ஒருவர் வேண்டுமாம். என் விலாசத்தை ஏற்கனவே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் வீடு என்பது அவர்களுக்குத்தான் தகுதியாயிற்று. கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் இரண்டு கடிதங்களும் பதிவுத் தபாலில் போயின. தங்கச்சிக்கு அந்தக் கிழமையே பதில் வந்தது: இடம் உறுதி. எனக்கு வரவில்லை.

என் மேன்முறையீடு எங்கே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் ஏறியிருக்கும். தட்டில் விழுந்திருக்கும். ‘கோவையுடன் சமர்ப்பிக்க’ என்று யாரோ மூலையில் எழுதியிருப்பார். கோவை நுவரெலியா மேலலுவலகத்துக்குப் போயிருக்கும். ‘உங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். அந்த வாக்கியமும் என் காலத்தில் நான் எழுதி வைத்துவிட்டு வந்ததுதான். அதைக்கூட எனக்கு அனுப்ப ஆளில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஞாபகமூட்டல் அனுப்பினேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. என் பேத்தி வீட்டிலிருந்து போய்வந்தாள். முதல் கிழமையிலேயே நான் ஒன்றைக் கவனித்தேன். விடியற்காலையில் விடுதி மணி அடிக்கும்போது அவள் எழும்பினாள். நான் எத்தனை வருஷம் கத்தியும் எழும்பாதவள். மாலையில் படிப்பு மணி அடித்ததும் மேசையில் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை தட்டைத் தொடமாட்டாள். மணி அடித்த பிறகும் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அடுப்பை நேரத்தோடு பற்றவைக்கப் பழகினேன். படிப்பு மணிக்கு அவள் எதிரில் நானும் பத்திரிகையை விரித்து உட்கார்ந்தேன். பேசினால் விரலை உதட்டில் வைத்து அடக்குவாள். அந்த நேரம் அங்கேயும் யாரும் பேசமாட்டார்கள் என்பாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தங்கச்சி பேத்தியை நான் கையெழுத்திட்டு அழைத்துவருவேன். இரண்டு பேரும் அறையில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பருப்பில் பருப்பே இல்லாதது, மேற்பார்வை அம்மாவின் செருப்புச் சத்தத்தை வைத்து அவர் கோபமா இல்லையா என்று கண்டுபிடிப்பது, ஜன்னலோரக் கட்டிலுக்காக நடந்த சண்டை. என் பேத்தி ஒவ்வொன்றுக்கும் மேலே மேலே கேள்வி கேட்பாள். நான் வெளியே துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். மடித்த துணியையே மறுபடி உதறி மடிப்பேன். ஒரு தடவை பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை பாணுக்கு பட்டர் தருகிறார்களா என்று கேட்டுவிட்டேன்.

“மார்ஜரின்தான் பெரிய அம்மாயி” என்றாள் தங்கச்சி பேத்தி.

அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பதில் வந்தபோது நான் அதை எதிர்பார்ப்பதை விட்டிருந்தேன். இரண்டாம் தவணை முடிந்து ஒரு பிள்ளை விடுதியை விட்டு விலகியிருக்கிறாள். வெறுமையான இடம், அறிவுறுத்தலின் ஒன்பதாம் பந்திக்கமைய, புள்ளி ஒழுங்கில் அடுத்ததாக இருக்கும் என் பேத்திக்கு வழங்கப்படுகிறது. திங்கட்கிழமை காலையில் இரண்டு வெள்ளை விரிப்புகளுடன் சமுகமளிக்கவும். என் மொழிபெயர்ப்பை ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டிருந்தார்கள்.

பேத்தி கடிதத்தை முழுதாக வாசிக்கவில்லை. முதல் பாதியிலேயே அறைக்குள் ஓடிவிட்டாள். அலுமாரி திறக்கும் சத்தமும், பெட்டி இழுபடும் சத்தமும் கேட்டன. விரிப்பில் இலக்கம் எழுத மார்க்கர் பேனா இருக்கிறதா என்று உள்ளிருந்து கேட்டாள். இப்போதெல்லாம் தைப்பதில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை, ‘போகட்டுமா’ என்று, கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நான்கு பக்கமும் மூன்று ஞாபகமூட்டலும் எழுதியவள் நான். கட்டிலும் மணியும் பக்கத்துத் தோழியும் இனி அவளுக்கு. தங்கச்சிமேல் பட்டுப் பட்டுப் பழகிப்போன எரிச்சல், சொந்தப் பேத்திமேல் புதுசாக வந்து நின்றது.

தங்கச்சிக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

“நீ எப்பிடி அக்கா தனியா படுப்ப?” என்றாள்.

“கட்டில்லதான்” என்றேன்.

படிப்பு மணி அடித்தது. பேத்தி மேசைக்கு வரவில்லை, பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். பத்திரிகையை விரிக்கவில்லை. கடிதத்தை எடுத்து, எந்தக் கடிதம் வந்தாலும் செய்கிற வழக்கப்படி, வலது பக்க மேல் மூலையில் எழுதினேன்: கிடைத்த திகதி, செப்டெம்பர் பதினொன்று.